குறிப்புக் கட்டம்

பிப்ரவரி 3

என் தங்கை பெற்ற தங்கத்துக்கு,

இங்கே நான், உன் அத்தை, என் வலது காது மூவரும் சௌக்கியம். இடது காதைப் பற்றி விசாரிக்காதே. அது கம்பி இழுக்கும் பட்டறையில் இருந்தபோதே எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. அதனால்தான் போன் வேண்டாம், கடிதமே போடு என்கிறேன். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்காது. நான் பேசுவது மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நேற்று எங்கள் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பணியாளர்கள் எல்லோருடைய விவரமும் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து புதிய கம்ப்யூட்டரில் ஏறப்போகிறதாம். செய்யப்போவது யார் என்று பார்த்தால், உன் கம்பெனி! சத்தம் போட்டுப் படித்தேன். சுற்றி நாற்பது பேர். உள்ளதைச் சொன்னால் அறுபது.

"என் மருமகதான்யா இதுக்கெல்லாம் தலைவி" என்றேன்.

"என்ன வேலை பாக்குது பொண்ணு?" என்று கேட்டார் கேண்டீன்காரர்.

"உன்னைய என்னைய எல்லாம் பிடிச்சு கம்ப்யூட்டருக்குள்ள போடுற வேலை."

"வலிக்குமா?"

"ஒரே ஒரு கையெழுத்து. சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்."

நான் ஜூலை முப்பத்தொன்றோடு விலகுகிறேன். இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறது, ஆனாலும் போதும் என்று நானாகவே முடிவெடுத்தேன். ஜெனரல் மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவு உபசாரத்துக்கு மேடை, மைக், சுவர்க்கடிகாரம் எல்லாம் பேசியாகிவிட்டது. என்னுடைய பேச்சு ஒரு மணி நேரம். இப்போதே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் ஸ்டோர் பிரிவை மட்டும் கடைசியில் வைத்துக்கொள். எங்களிடம் மூவாயிரம் வகைச் சாமான், அத்தனையும் என் விரல் நுனியில். மற்ற பிரிவுகளில் பழகிவிட்டு நிதானமாக எங்களிடம் வந்தால் போதும். ஆகஸ்ட் போல வாயேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
ஸ்டோர் முழுப் பொறுப்பு

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவன் ஒருத்தன்" என்று சிரித்தாள். அந்த அளவுக்கு நலம்.

நான் வேறோர் ஊரில், வேறொரு விடுதி அறையில் இருக்கிறேன். ஆனால் அதே கெட்டில், அதே இஸ்திரிப் பெட்டி, கதவுக்குப் பின்னால் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்கிற அதே படம். பதினோரு வருஷத்தில் உங்கள் ஆலை எனக்குப் பதினான்காவது இடம். எங்கே போனாலும் பயிற்சி அறையில் முதல் வரிசையில் ஒருவர் கை தூக்கி, "மேடம், பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்பார். அவருக்கு இன்னும் பாஸ்வேர்டே கொடுத்திருக்க மாட்டோம்.

என் வேலை ஆட்களை ஏற்றுவது இல்லை மாமா, சுத்தம் செய்வது. உங்கள் ஆலை அனுப்பிய பட்டியலில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் அறுநூற்று நாற்பது பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்திருக்கிறார்கள். ரத்தப் பிரிவு என்ற இடத்தில் ஒருவர் "நல்ல ரத்தம்" என்று எழுதியிருக்கிறார். இதையெல்லாம் சரிசெய்துதான் உள்ளே விட வேண்டும். ஒரு ஆள், ஒரு பதிவு. அதுதான் விதி. எல்லோரும் மூலச் சான்றிதழோடு நேரில் வந்து, தங்கள் விவரத் தாளைப் படித்து, "இது நான்தான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பொருந்தாதவர்களை நிறுத்திவைப்போம். எல்லாவற்றுக்கும் அடியில் "சரிபார்த்தேன்" என்று என் கையெழுத்து.

உங்கள் பணியாளர் எண்ணை அனுப்புங்கள். ஏப்ரலில் கோப்புகள் வரும். உங்களுடையதை முதலில் திறக்கிறேன். இத்தனை வருஷம் நீங்கள் அளந்ததெல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 2

என் மருமகளுக்கு,

நலத்துக்குக் குறைவில்லை. ஸ்டோரில் மேல் தட்டுக்கு ஏற ஏணி வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரே தாவலில் ஏறுவேன், இப்போது பாதி ஏணியில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு மீதியை ஏறுகிறேன். மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. உன் அத்தைக்கும் சொல்லவில்லை.

எண் கேட்டிருந்தாய். எண்ணெல்லாம் ஆளைத் தெரியாதவர்களுக்கு அம்மாடி. கேட்டில் நான் அட்டையைக் காட்டினால் வாட்ச்மேன் கோபித்துக்கொள்வார். "உங்களுக்கு எதுக்குண்ணே அட்டை?" என்பார். அட்டை எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டேன். பரணில் இருக்கலாம்.

சான்றிதழைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். எட்டாம் வகுப்பு, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க்கையும் வாத்தியார் பொறாமையில் குறைத்தார். ஆலையில் சேர்ந்த அன்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அப்போதைய மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கை கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நம் வீட்டில் உன் பெரிய மாமாதான் என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்கு மூன்று வயது மூத்தவன். இருபது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இருந்திருந்தால் உன் வேலையை அவன் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான். சரி, அது எதற்கு இப்போது.

ஸ்டோரைக் கடைசியில் வைக்கச் சொன்னேனே, அதற்கு நீ ஒன்றும் எழுதவில்லையே?

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

உன் மாமா

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மட்டும் கண் எரிகிறது. கண்ணாடியை மாற்றச் சொல்கிறார்கள். எந்த ஊரில் மாற்றிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஸ்டோர் கடைசியில்தான் இருக்கிறது. உங்களுக்காக இல்லை. ஆலைக்காரர்களே அப்படித்தான் வரிசை கொடுத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரம். அதற்குள் நீங்கள் கடிகாரத்தோடு வீட்டில் இருப்பீர்கள். பரணில் ஏறி அட்டையைத் தேட வேண்டாம்.

சென்ற வருஷம் ஒரு மருத்துவமனையில் இதே வேலை செய்தேன். துணி துவைக்கும் பிரிவில் ஓர் அம்மா. பிறந்த தேதி ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி. நான் எழுதிய விதி அவளை நிறுத்திவைத்தது. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கவில்லை. அவள் பதிவு கடைசிவரை உள்ளே ஏறவே இல்லை. நான் அங்கிருந்த கடைசி நாளில் பயிற்சி அறைக்கு வந்து நின்றாள். "எம்மா, அந்தப் பொட்டிக்குள்ள நான் எங்க இருக்கேன்னு ஒருதரம் காட்டேன்" என்றாள். காட்டினேன். சிவப்பு நிறத்தில், நிறுத்திவைத்தவர்களோடு இருந்தாள். "ஓ, இதானா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இன்று உங்கள் ஆலைக்கு ஒரு முடிவெடுத்தேன். மாதிரிக்கு முன்கூட்டி அனுப்பிய சில பழைய கோப்புகளில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கண்டதையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். "முன்கோபி." "மெதுவாக நடப்பார்." "குடையைத் திருப்பித் தரவில்லை." புதிய கம்ப்யூட்டரில் இதற்கு இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விவரத் தாளின் அடியில் மட்டும் அந்தக் கட்டம் அச்சாகும்; அங்கே எழுதுவது தாளோடு நின்றுவிடும்.

அத்தைக்கு அன்பு.

உங்கள் மருமகள்

மார்ச் 31

என் மருமகளுக்கு,

ஆகஸ்ட் என்று படித்ததும் அத்தை கையால் இரண்டு டீ குடித்தேன். சௌக்கியம் என்றால் அப்படி ஒரு சௌக்கியம்.

குறிப்புக் கட்டத்தை எடுத்தது சரிதான். குடை நான் தர வேண்டியது இல்லை, அது வேறு ஆள்.

இங்கே என்னோடு ஒருத்தன் வேலை பார்க்கிறான். அப்பாவி. என் மருமகளைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று காலைப் பிடிக்கிறான். அவன் சந்தேகம் இது: ஒருத்தன் ரொம்பக் காலத்துக்கு முன்னால் இன்னொருத்தன் சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்துவிட்டான் என்று வை. நல்லபடியாக வேலையும் செய்துவிட்டான் என்று வை. இப்போது தெரிந்தால் என்ன செய்வார்கள்?

"எனக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்புவாங்கப்பா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே? அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சீக்கிரம் எழுது.

உன் மாமா

மே 8

என் மருமகளுக்கு,

இங்கு சௌக்கியம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரரை நிறுத்திப் பையை நானே துழாவிப் பார்த்துவிட்டேன். "உங்களுக்கு வந்தா நான் எதுக்குங்க மறைக்கப்போறேன்?" என்று அவருக்கு வருத்தம்.

அந்த நண்பன் விஷயத்தை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அவன் ஒரு கிறுக்கன். கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டுவிட்டான்.

உனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே? ஒரு வரி போடு. நம் வீட்டில் காய்ச்சல் என்றாலே எனக்கு ஆகாது.

உன் மாமா

மே 22

அன்புள்ள மாமாவுக்கு,

காய்ச்சல் இல்லை. அம்மாவும் நலம்.

பதில் எழுதாததற்கு வேலை காரணம் என்று எழுத நினைத்தேன். அது பொய்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் கோப்புகள் வந்தன. புகைப்படங்களை ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுப்போம்: ஒரே முகம், இரண்டு பெயர். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால் பிடிப்பதற்கு. உங்கள் ஆலையில் பதினேழு வந்தன. பதினாறு, இரட்டைப் பிறவிகளும் ஸ்கேன் பிழைகளும். பதினேழாவது உங்கள் நண்பருடையது.

எண் 2217. ஸ்டோர் உதவியாளர், இரண்டாம் நிலை. சேர்ந்த நாளில் தனக்கு வாரிசாகத் தம்பியின் பெயரை எழுதி, தம்பியின் புகைப்படத்தையும் ஒட்டியிருக்கிறார். பணியாளர் படத்தில் வகிடு இடப்பக்கம். தம்பி படத்தில் வலப்பக்கம், கூடவே ஒரு கண்ணாடி. இரவல் கண்ணாடி போல, மூக்கில் நிற்கவில்லை. இரண்டும் ஒரே முகம். அந்த முகத்தை எனக்கு நான் பிறந்த நாளிலிருந்து தெரியும். பணியாளரின் பெயரும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பெயருக்கு மேல் இருக்கும் முகம் வேறு.

அம்மாவைக் கேட்டேன். "அவன்கிட்டயே கேளு" என்றாள். பிறகு, மடித்துவைத்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். கண்டித்து அனுப்ப மாட்டார்கள். பணிநீக்கம். சேர்ந்த நாளிலிருந்தே அவர் வேலையில் இல்லை என்று ஆகிவிடும். முப்பத்தெட்டு வருஷமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் சரக்கு எண்ணுவதால் ஸ்டோரை முன்னால் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஜூன் பதினைந்து. நான் தடுக்கப் பார்த்தேன், என்ன காரணம் என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை.

பதினாறுக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினேழு ஒரு மாதமாகத் திறந்தே இருக்கிறது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த இரவல் கண்ணாடி என்னைப் பார்க்கிறது.

உங்கள் மருமகள்

ஜூன் 1

என் மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை என் நண்பனுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல திடகாத்திரமான ஆள், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் உன்னிடம் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன்.

அவனுக்கு ஓர் அண்ணன். எட்டாவது படித்தவன், கணக்கில் புலி. ஆலைக்கு விண்ணப்பம் போட்டான். வேலைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தபோது அவன் போய்ப் பதினோரு நாள். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. தங்கைக்குப் பதினான்கு வயது. என் நண்பன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அவன் அப்பா அந்தக் காகிதத்தையும் அண்ணன் சான்றிதழையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை காலை கேட்டில் இருபது பேர். குமாஸ்தா பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். அண்ணன் பெயரைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். மூன்றாம் முறை யாரோ "இருக்கேன்" என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என் வாய்தான்.

நண்பனை விட்டுவிடு. அவன் போகட்டும்.

அன்றைக்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். உனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும், வாரிசு யார் என்று. செத்துப்போனவன் பெயரில் நிற்கிறவனிடம் அதைக் கேட்டால் என்ன சொல்வான்? எனக்கு என் பெயரை எங்கேயாவது ஓரிடத்தில் எழுத வேண்டும் போல இருந்தது. எழுதினேன். தம்பி போட்டோ வேண்டும் என்றார்கள். வகிட்டை மாற்றிச் சீவினேன். கண்ணாடி பக்கத்தில் நின்றவருடையது.

என் கல்யாணத்துக்கு ஸ்டோரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். "பத்திரிகையில வேற பேரு போட்டிருக்கே?" என்று கேட்டார்கள். "வீட்ல கூப்பிடுற பேருப்பா" என்றேன். அன்றிலிருந்து என் சொந்தப் பெயர் செல்லப் பெயர் ஆகிவிட்டது.

தொண்ணூற்றெட்டு மார்க் அவனுடையது. முழுப் பொறுப்பு, விரல் நுனி, மேனேஜர் எழுந்து நின்றது, அதெல்லாம் நீ தள்ளுபடி செய்துகொள். மேடையும் கடிகாரமும் மட்டும் நிஜம். போகிற எல்லோருக்கும் வைக்கிறார்கள். இரண்டாம் நிலை உதவியாளர் என்று எழுதியிருந்தாயே, மூன்றாம் நிலையிலிருந்து ஏறியது அது. ஜூலை முப்பத்தொன்றில் ஐம்பத்தெட்டு முடிவது எனக்கு இல்லை, அவனுக்கு. நானாக விலகவில்லை.

இதில் நீ கை வைக்காதே. உன் கையெழுத்து உன் பெயரில் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

உன் மாமா

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்.

ஸ்டோரில் என் தாய்மாமன் இருக்கிறார், ஆகவே அந்தப் பிரிவை நான் பார்க்கக் கூடாது என்று என் மேலாளருக்கு எழுதிவிட்டேன். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. வேறொருவர் பார்ப்பார். பதினேழாவதை அவர், "நேரில் விசாரிக்கவும்" என்று போட்டு உங்கள் ஆலையின் மனிதவள அதிகாரிக்கு அனுப்பிவிட்டார். என்னால் இனி உங்களைக் காப்பாற்றவும் முடியாது, பிடித்துக் கொடுக்கவும் முடியாது. சோர்வாக இருக்கிறது. ஆனால் இரண்டு நாளாகத் தூங்குகிறேன்.

பதினைந்தாம் தேதி உங்களுக்கும் விவரத் தாள் வரும். மேலே உள்ள கட்டங்களை அவர்கள் நிரப்பியிருப்பார்கள். எதையும் திருத்த வேண்டாம். அடியில் "குறிப்பு" என்று ஒன்று இருக்கும். யாரும் அதில் எழுதுவதில்லை. உங்களுக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் அங்கே எழுதுங்கள். இதற்குமேல் நான் எழுதக் கூடாது. முடியும்வரை இனிக் கடிதமும் போட மாட்டேன்.

அம்மா, "சாப்பிட்டானான்னு கேளு" என்றாள்.

உங்கள் மருமகள்

ஜூன் 24

என் மருமகளுக்கு,

சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல். நீ பதில் போட வேண்டாம். நான் எழுதினால் தப்பில்லையே.

பதினைந்தாம் தேதி கேண்டீனில்தான் மேசை போட்டிருந்தார்கள். தாள் கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் அவன்தான் இருந்தான். பெயர், பிறந்த தேதி, எட்டாம் வகுப்பு. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டம், காலியாக. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கு ஓடினார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். "இந்தப் பெயர் என் அண்ணன் பெயர். அவன் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டான். வேலை செய்தது நான்." என் எழுத்து பெரிது, கட்டம் பத்தவில்லை. "நான்" மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மனிதவள அதிகாரி கூப்பிட்டார். சின்னப் பெண்தான், உன் வயது இருக்கும். மேசை முழுக்கத் தாள், அவர் கண்ணிலும் உன்னைப் போலவே எரிச்சல். என் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"பெரியவரே, இந்த லிஸ்ட்ல பதினேழாவது நீங்க. நான் இதுல ஒண்ணுக்கு டிக் அடிக்கணும். 'ஒரே ஆள்', இல்லன்னா 'வேற வேற ஆள்'. நீங்களே சொல்லுங்க."

"காலைல ஏழு மணிக்கு கேட்டுக்குள்ள வந்தா அவன் மேடம். சாயங்காலம் வெளிய போனா நான்."

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல?"

"அவன்தான். பசி மட்டும் என்னோடது."

சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"இது தப்புன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். மொத நாளே தெரியும்."

"இத்தனை வருஷம் சொல்லாம இப்ப எதுக்கு எழுதுனீங்க? கையெழுத்த மட்டும் போட்டிருந்தா நானே பாதி நம்பியிருப்பேன்."

"கட்டம் காலியா இருந்துச்சு மேடம்."

அவர் அந்தக் கட்டத்தை மறுபடியும் படித்தார். "இந்தக் குறிப்பு கம்ப்யூட்டருக்குப் போகாது, தெரியுமா? கம்ப்யூட்டர் வேலை பாக்குற கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு. பேப்பரோட நின்னுடும். உலகத்துலயே இதப் படிச்சது நான் ஒருத்திதான்."

"அப்ப எழுதுனது வீணா?"

"அதத்தான் யோசிக்கிறேன். ஜி.எம். கிட்ட நானே பேசுறேன். நீங்க போய் வேலையப் பாருங்க."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் உன் மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்து, குறிப்புக் கட்டத்தைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். தெரிந்துதான் என்னை அங்கே எழுதச் சொன்னாயா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லாதே.

கண்ணாடியை மாற்று.

உன் மாமா

ஆகஸ்ட் 1

என் மருமகளுக்கு,

இங்கே இருவரும் நலம். இந்தக் கடிதத்தில் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. கூட்டலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.

போன மாதம் ஒன்பதாம் தேதி அந்த அதிகாரி ஸ்டோருக்கே வந்தார். ஏணியில் இருந்த என்னைக் கீழே இறங்கச் சொன்னார். "வேலை செஞ்சது இந்தக் கைதான்னு ஜி.எம். ஒத்துக்கிட்டார். முப்பத்தொண்ணு வரைக்கும் வாங்க. முப்பத்தெட்டு வருஷமும் நிக்கும்" என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று வலது காதைத் திருப்பினேன். மறுபடியும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா மேடை கிடையாது பெரியவரே. மைக்ல அந்தப் பேரச் சொன்னா, எழுந்து வர்றது யாருன்னு எங்களுக்கே தெரியல. இவ்வளவும் தெரிஞ்சதுக்கு அப்புறம் கைதட்ட முடியாது" என்றார். நியாயம்தான்.

நேற்று மற்ற நான்கு பேருக்கு மேடை நடந்தது. கைதட்டல் ஸ்டோர்வரை கேட்டது. நான் ஆணிப் பெட்டிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று மணிக்கு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பரணில் இல்லை, எப்போதும் என் கழுத்தில்தான் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை போய்விட்டேன். அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவை உள்ளேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது.

கேட்டில் புது வாட்ச்மேன். வந்து மூன்று நாள்தானாம், என்னைத் தெரியாது.

"அட்டை?"

"இல்லப்பா."

"அப்ப புக்குல எழுதுங்க."

வெளியாள் வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பெயர் என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்த ஆலைக்குள் முப்பத்தெட்டு வருஷத்தில், முதல் நாள் வாரிசுப் படிவத்துக்கு அப்புறம், இது இரண்டாம் தடவை. அடுத்த கட்டம், யாரைப் பார்க்க. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு லாரிக்காரர் அவசரப்படுத்தினார். அவன் பெயரை எழுதினேன்.

வாட்ச்மேன் தன்னிடம் இருந்த பட்டியலில் விரலை ஓட்டினார்.

"இவரு இன்னிக்கோட ரிட்டயர்டுன்னு போட்டிருக்கே. இன்னும் உள்ளயா இருக்காரு?"

"உள்ளதான் இருக்கான். கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன்.

அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வருகிறோம். நீ ஊரில் இருந்தால் நல்லது. சுவரில் இருக்கிறவனிடம் நீ எதையும் சொல்லிவைக்காதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் சின்ன மாமா